கணக்கு எங்கட, திறப்பு ஆரிட்ட?

"ஏபிஐ இருக்குத்தானே, எப்ப வேணுமெண்டாலும் டேட்டாவை எடுக்கலாம்." கிளவுட் கணக்கு மென்பொருள் விற்பவர்கள் சொல்லும் இந்த வசனத்தை, கோடிங் தெரிந்த நாங்களும் கடைக்காரரிடம் போய் அப்படியே ஒப்புவிக்கிறோம். நானும் சொன்னனான். அதனால இந்தக் கோபத்தில் பாதி என்மேலதான்.

சுன்னாகத்தில் சித்தப்பாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. சிவப்பு மட்டைக் கொப்பியில் நாளேடும் பேரேடும் எழுதிக்கொண்டிருந்த மனுசனை 2019இல் கிளவுட்டுக்கு இழுத்தது நான். 2022இல் டொலர் தட்டுப்பாடு. மாதக் கட்டணம் அவருடைய கார்ட்டில் இருந்து போகவில்லை. இரண்டு மாதத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அதே கிழமை வங்கி, கடனுக்கு மூன்று வருடக் கணக்குக் கேட்டது. "பயப்பிடாதேங்கோ சித்தப்பா, ஏபிஐயால எடுப்பம்" எண்டு லப்டொப்பைத் திறந்தேன். வந்த பதில் 403: அனுமதி இல்லை.

"டேய், என்ர கணக்கை நான் பாக்கிறதுக்கு ஆரிட்ட அனுமதி?" எண்டார். எனக்கு வாய் திறக்கேல்ல.

ஏபிஐ ஒரு கதவு. அவ்வளவுதான். கடைக்காரர் சம்மதம் எண்டு அமத்தினால், ஓஓத் 2.0 முறையில் எங்கட புரோகிராமுக்கு ஒரு டோக்கன் வரும். நியூசிலாந்துக் கம்பனியான ஸீரோவில் அதின்ர ஆயுள் 30 நிமிடம். அதைப் புதுப்பிக்கிற டோக்கனை 60 நாள் பாவிக்காமல் விட்டால் அதுவும் செத்துப்போகும், கடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு அமத்தச் சொல்ல வேணும். பாதுகாப்புக்கு இது தேவை, இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கேயெண்டால், ஸீரோவில் நெடுங்காலமா இருந்த வரம்பு ஒரு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 60 அழைப்பு, நாளுக்கு 5000. தாராளம் போலத் தெரியுது. 12,000 விலைச்சிட்டை உள்ள ஒரு கடையை எடுங்கோ. வழமைப்படி பக்கத்துக்கு 100 வீதம் 120 அழைப்பு, இரண்டு நிமிட வேலை. டெமோவில் காட்டுறது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு சிட்டையோடும் இணைத்த பற்றுச்சீட்டுப் படம்? இணைப்புப் பட்டியலைக் கேட்க ஒரு அழைப்பு, படத்தை இறக்க இன்னொன்று. எல்லாத்திலும் படம் இருந்தால் 24,000 அழைப்பு, ஐந்து நாள். ஆர் எப்ப எதைத் திருத்தினார் என்ற வரலாறு வேணுமெண்டால் அதுக்கும் சிட்டைக்குச் சிட்டை தனி அழைப்பு. "சீஎஸ்வி எக்ஸ்போர்ட் இருக்கே" என்பவர்களுக்கு: அதில் வாறது இலக்கம். பிரச்சினை வாற நாளில் கேட்கப்படுவது அந்தப் படமும் வரலாறும்தான்.

குவிக்புக்ஸின் சொந்தக்காரரான இன்டுயிட் 2025இல் ஒரு புது முறை கொண்டுவந்தது. டேட்டாவை உள்ளே போடும் அழைப்புக்கு மீற்றர் இல்லை. வெளியே எடுக்கும் அழைப்பை எண்ணுவார்கள். இலவச அளவு பெரிசு, சித்தப்பாவின்ர கடை அதைத் தொடவே தொடாது. நேர்மையாச் சொல்லத்தான் வேணும். ஆனால் மீற்றரை எந்த வாசலில் பூட்டியிருக்கிறார்கள் எண்டு பாருங்கோ. சேவர் செலவு எண்டு சாட்டுச் சொல்ல ஏலாது, எழுதுறதுக்கும் சேவர் ஓடத்தான் வேணும்.

பெரிய கம்பனி மூடுப்படாது என்ற நம்பிக்கையும் எங்களிட்ட இருக்கு. கனடாவின் வன்கூவரில் இருந்த பென்ச் என்ற இணையக் கணக்குச் சேவை 2024 டிசம்பர் 27 அன்று திடீரென்று மூடியது. வருட முடிவுக்கு நாலு நாள் இருக்க, ஆயிரக்கணக்கான சிறு முதலாளிகள் தங்கட கணக்குக்கு அலைந்தார்கள். சில நாளில் இன்னொரு கம்பனி வாங்கியதால் தப்பினார்கள். ஐரோப்பாவில் டேட்டா சட்டம் 2025 செப்டெம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கு. 2027 ஜனவரி 12இல் இருந்து ஒரு கிளவுட்டை விட்டு மற்றதுக்குப் போகக் கட்டணம் அறவிட ஏலாது. எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

அதனால் நான் கேட்கிறது ஒரே விசயம். காசு கட்டாவிட்டால் புதுசா எழுத விடவேண்டாம், சரி. ஆனால் எழுதினதை முழுசா, படத்தோட, எடுத்துக்கொண்டு போற வாசலைப் பூட்டாதேங்கோ. அவர்கள் தரும்வரைக்கும் வேலை எங்கட தலையில். கடையை கிளவுட்டில் ஏற்றுகிற தம்பி தங்கச்சிமார், முதல் நாளே எடுக்கிற புரோகிராமை எழுதுங்கோ, அழகான டாஷ்போர்ட் பிறகு. முதல் தரம் ஐந்து நாள் போனாலும் போகட்டும். அதுக்குப் பிறகு "இந்தத் திகதிக்குப் பிறகு மாறினதை மட்டும் தா" எண்டு ஒவ்வொரு இரவும் கேட்டால் பத்து அழைப்புக்குள்ள முடியும். வந்த ஜேசனை அப்படியே, படங்களோட, கடையில் உள்ள டிஸ்க்கில் போடுங்கோ. இதுக்குத் தனியாக் காசு கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

சித்தப்பாவின் கணக்கு திறந்தது, ரொறன்ரோவில் இருக்கிற மாமி தன்ர கார்ட்டால் கட்டின பிறகு. அதுக்குள்ள வங்கி சொன்ன திகதி போட்டுது. இப்ப ஒவ்வொரு இரவும் என்ர புரோகிராம் ஓடுது. அவர் அதை நம்பேல்ல. சிவப்பு மட்டைக் கொப்பி திரும்ப மேசைக்கு வந்திட்டுது, மாதக் கடைசியில் பரீட்சை மீதியைக் கையால போடுறார். நான் போனால் கூட்டிப் பார்க்கச் சொல்லித் தருவார்.