எல்லோருக்கும் எதற்குக் குழாய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால், காயத்தில் வடிகுழாய் (டிரெய்ன்) வைப்பதைக் கட்டாயம்போல எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. உள்ளே ரத்தம் கட்டாமலிருக்கத்தான் அந்தக் குழாய். எலும்பு அறுவை சிகிச்சைகள் குறித்த 36 ஆய்வுகளைத் தொகுத்த 2007 காக்ரேன் மதிப்பீட்டில், குழாய் வைத்ததால் கிருமித்தொற்றோ ரத்தக்கட்டோ குறைந்ததாகத் தெரியவில்லை. ரத்தம் ஏற்றும் தேவைதான் கூடியது. முழங்கால் மாற்றில் குழாய் வேண்டாம் என்றே அமெரிக்க எலும்பியல் மருத்துவர் அகாடமியும் 2015இல் பரிந்துரைத்தது.

எலும்புப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். குழாய் இல்லாவிட்டால் கட்டு நனையும், மேலே பஞ்சு வைத்துக் கட்ட வேண்டிவரும், உறவினர்கள் பதறுவார்கள். அது உண்மைதான். ஆனால், வாக்கரைப் பிடித்து முதல் அடி வைக்கும் பாட்டியின் பக்கத்தில் மகள் குழாயோடு இணைந்த ரத்தக் குப்பியை ஏந்தி நடப்பதையும், குழாய் இழுபடுமோ என்ற பயத்தில் பாட்டி காலை மடக்க மறுப்பதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உருவும்போது வரும் வலி தனி.

ரத்தக் கசிவைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் இப்போது பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே, குழாய் தேவையா என்பதை ஆளைப் பார்த்து முடிவுசெய்து, காரணத்தை முன்கூட்டியே நோயாளியிடம் மருத்துவர்கள் சொல்ல வேண்டும். இதுபற்றி எலும்பு மருத்துவர் ஒருவரைத் தாங்கள் எழுதவைக்கலாமே.

– ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி