புதியவருக்குத் துணை யார்?



சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஓர் இளம்பெண். பாஸ்காத் திருவிழிப்பு இரவில், தம் ஊர்க் கோவிலில் திருமுழுக்குப் பெற்றவர். வீட்டில் வேறெவரும் கிறிஸ்தவரல்லர். மூன்று திங்கள் கழித்துப் பிழைப்பை நாடித் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குச் சென்றார். ஐந்து ஞாயிறுகள் சென்றும் அவருடைய பெயரைக் கேட்டவர் ஒருவருமில்லை. ஆறாம் ஞாயிறன்று, விடுதியில் உடன் தங்கியிருந்த தோழி அவரை ஒரு வாடகைக் கூடத்தில் நடைபெறும் செபக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றாள். அங்கே வாசற்படியிலேயே பெயர் கேட்டார்கள்; அருகில் அமர்த்தி உணவிட்டார்கள்; காய்ச்சலில் கிடந்தபோது தேடி வந்தார்கள்.

இப்பொழுது அக்கூட்டத்தை நடத்துபவர் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறாராம். ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் காணிக்கையாக வைக்க வேண்டும். ஊரிலுள்ள தாய் தந்தையரோடு பேச்சை நிறுத்த வேண்டும். முன்பு பெற்ற திருமுழுக்குச் செல்லாது, மீண்டும் பெற வேண்டும். தாம் அங்கே போனது பாவமா என்றும், எந்தக் கோவிலை நம்பிச் செல்வது என்றும் அப்பெண் நம்மைக் கேட்கிறார்.

முதற் கேள்விக்கு நம் மறுமொழி சுருக்கமானது. தனிமையில் வாடிய ஒருவர், அன்போடு அழைத்த குரலின் பின்னே சென்றதைக் குற்றமென்று கூற நமக்கு மனம் வரவில்லை. ஐந்து ஞாயிறுகள் அவரைக் கண்டும் காணாதிருந்த நாமன்றோ முதலில் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டியவர்கள்!

இரண்டாம் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. அப்போஸ்தலர் காலத்தை அடுத்து எழுதப்பட்ட 'டிடாக்கே' என்னும் சிறு நூல் ஒன்றுண்டு. பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அதன் ஏட்டுப் பிரதியை 1873-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோப்பிளில் பிரையேனியோஸ் என்னும் கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்தார். 1883-இல் அது அச்சேறியது. ஊர் ஊராய்ச் சுற்றிவரும் போதகரைத் தொடக்கத் திருச்சபை எவ்வாறு சோதித்தது என்பதை அதிற் காண்கிறோம். வந்தவரை ஆண்டவரையே ஏற்பதுபோல் ஏற்க வேண்டும். ஆனால் அவர் மூன்று நாள் தங்கி உண்டால், அல்லது தமக்கெனப் பணம் கேட்டால், அவர் போலிப் போதகர். உண்மையைப் போதித்தும் அதன்படி நடவாதவரும் போலியே. சோதிப்பது விசுவாசக் குறைவன்று, விசுவாசியின் கடமை என்று நம் முன்னோர் கருதினர் என்பதை இதனால் அறிகிறோம்.

அப்பெண்ணிடம் கேட்கப்பட்ட மூன்றையும் இவ்வாறே சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, காணிக்கை. உள்ளம் உவந்து கொடுப்பதே காணிக்கை; அச்சுறுத்திப் பெறுவது வசூல். புனித சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து தம் கையால் உழைத்து உண்டார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வறுமை காரணமாக எவருக்கும் திருவருட்சாதனங்கள் கிடைக்காமற் போகலாகாது என்று விதிக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும், மக்கள் கொடுத்தவற்றிற்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளவையே. கணக்குக் கேட்டவரைச் சபிக்கும் இடம் நம்பத்தக்கதன்று. அது எந்தச் சபையாயினும் சரியே.

இரண்டாவது, பெற்றோர். தந்தையையும் தாயையும் தம்மைவிட மிகுதியாக நேசிப்பவரைப் பற்றி ஆண்டவர் கடுமையாகப் பேசியது உண்மைதான். ஆனால், தாய் தந்தையருக்கு உரியதைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களையும் அவர் கண்டித்தார் என்று மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மகளின் மனமாற்றத்தைக் கண்டு கலங்கியிருக்கும் பெற்றோருக்கு அவள் அளிக்கக்கூடிய சிறந்த சாட்சியம், முன்னிலும் அன்புள்ள மகளாய் இருப்பதே. உற்றார் உறவினரிடமிருந்து ஒருவரைப் பிரித்துத் தம்மை மட்டுமே நம்பியிருக்கச் செய்பவர், நல்ல மேய்ப்பனின் வழியில் நடப்பவரல்லர்.

மூன்றாவது, திருமுழுக்கு. அது அழியாத முத்திரை. ஒருமுறை பெற்றதை மீண்டும் பெறுதல் இல்லை. தண்ணீரால், தந்தை, மகன், பரிசுத்த ஆவியின் பெயரால் முறைப்படி பிற சபைகள் வழங்கும் திருமுழுக்கையும் நம் திருச்சபை மதித்து ஏற்கிறது. ஆகவே, வாடகைக் கூடத்தில் செபிப்போர் யாவரும் வஞ்சகர் என்று நாம் சொல்லவில்லை. பிரிந்த சகோதரரிடத்தும் தூய ஆவியார் செயலாற்றுகிறார் என்று 1964-இல் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. நாம் அஞ்சுவது, எவருக்கும் கணக்குக் கூறக் கடமைப்படாத தனி மனிதரின் அதிகாரத்தையே.

இதே அளவுகோலை நம் பங்கின்மீதும் வைப்பதே நேர்மை. பலிபீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி வைத்திருந்தால், புதியவர் நம்மை எங்ஙனம் நம்புவார்? தீண்டாமை பெரும் சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016-இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து கிறிஸ்தவராகும் ஒருவர், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதிக்குரிய சலுகைகளை இழக்கிறார். இவ்வளவையும் இழந்து வருபவர் இங்கும் சாதியைக் காண்பதைவிடக் கொடுமை உண்டோ? சிறுவர் பாதுகாப்பும் அவ்வாறே. அத்துமீறல்களை முறையிட ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் வழிவகை இருக்க வேண்டும் என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். அவ்வழி யாது என்று கேட்டால், நம் பங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சின்னப்பர் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீடர் யாவரும் அவருக்கு அஞ்சி ஒதுங்கினர். பர்னபா ஒருவரே அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றார். அந்த ஒருவர் இல்லையேல் என்னவாகியிருக்கும்! கெங்கிரேயா சபையின் பெபேயாள் பயணம் போனபோதும், உரோமைச் சபை அவரை ஏற்றுக்கொள்ளுமாறு சின்னப்பர் தம் நிருபத்தில் எழுதி அனுப்பினார். விசுவாசி ஊர் மாறினால், முன்னே ஒரு கடிதம் போகும். அவ்விடத்தில் ஒரு வீடு காத்திருக்கும்.

இன்று அக்கடமை யாருடையது? புதியவரை உருவாக்குவது குருக்களின் வேலை மட்டுமன்று, விசுவாசிகள் அனைவருடையதும் என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் கூறியது. 1972-இல் வெளிவந்த வயது வந்தோர் புகுமுகச் சடங்குமுறையும், திருமுழுக்கோடு பணி முடிவதாகக் கருதவில்லை. அதன்பின் வரும் பாஸ்காக் காலத்தை, புதியவர் சமூகத்தோடு ஒன்றி வளரும் காலமாகவே வகுத்துள்ளது. நாமோ அந்த இரவில் வெண்ணாடையும் எரியும் திரியும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், மறுவாரமே மறந்துவிடுகிறோம்.

ஆதலால் நாம் வேண்டுவன சில. ஞானப் பெற்றோரே, உங்கள் ஞானப்பிள்ளை வேலைக்கென ஊரைவிட்டுப் போகும்போது, திருமுழுக்குச் சான்றிதழோடு பங்குத் தந்தையின் அறிமுகக் கடிதத்தையும் வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒருமுறையேனும் தொலைபேசியில் நலம் கேளுங்கள். உபதேசியார்களே, அந்நகரத்தில் உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றிருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நகரப் பங்கு மக்களே, திருப்பலி முடிந்ததும் பழகிய முகங்களோடு மட்டும் பேசி நில்லாமல், தூணோரம் தனியே நிற்பவரிடம் சென்று பெயரைக் கேளுங்கள். உங்கள் தெரு அன்பியத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

மடல் எழுதிய சகோதரிக்கும் ஒரு வார்த்தை. மகளே, சம்பளத்தை அவர்களிடம் கொடுத்துவிடாதே. வழக்கம்போல் வீட்டுக்கு அனுப்பு. தாய்க்கு இன்றே பேசு. உனக்கு உணவிட்டவர்களுக்கு நன்றி சொல். ஆனால் அச்சத்தினால் எதற்கும் இணங்காதே. உன் திருமுழுக்கு முழுமையானது. உன் ஞானத்தாய்க்கு எழுது; அவர் வழியாக உன் பங்குத் தந்தை இங்குள்ள பங்குத் தந்தைக்கு எழுதட்டும். வருகிற ஞாயிறன்று திருப்பலிக்கு அரைமணி முன்னதாகவே கோவிலுக்கு வந்து, அவரை நேரில் கண்டு உன் பெயரைச் சொல்.

அன்று உன் பெயரைக் கேட்க, அவருக்கு முன்பே இன்னொருவர் வாசலில் நின்றிருப்பாரானால், இம்மாதம் நாம் எழுதியது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.