கொடியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?



தேர்தல் வந்துவிட்டால் மூலக்கொத்தளம், இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஹார்பர் வேலை, லாரி வேலை என்று போன நம்ம பிள்ளைகள் ஓட்டுப் போட ஊருக்கு வருவார்கள். வந்த அன்று ராத்திரியே டீக்கடையில் சண்டை ஆரம்பித்துவிடும். "கட்சிக்குப் போடுறதா, ஆளைப் பார்த்துப் போடுறதா?" அப்பனுக்கு ஒரு கொடி, மகனுக்கு ஒரு கொடி. இதற்குச் சங்கம் என்ன சொல்லுது என்று ஊர்க்கூட்டங்களில் பலரும் கேட்கிறார்கள். நம் பதிலை ஒளிவுமறைவு இல்லாமல் இங்கே வைக்கிறோம்.

முதலில் நம்ம கிணற்றை எட்டிப் பார்ப்போம். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் என்று பல வருஷம் நிலத்தடி நீரை இழுத்ததில், மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் தண்ணி பூமிக்கடியில் உள்ளே ஏறிவிட்டது. இரண்டு போகம் எடுத்தவர்கள் ஒரு போகத்துக்கே வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். 1967-க்குப் பிறகு இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டு பார்த்தாகிவிட்டது. உப்புத் தண்ணி எந்தக் கொடிக்காரன் கிணறு என்று பார்த்து ஏறவில்லை. எல்லார் கிணற்றிலும் ஏறியது.

கட்சிக்குப் போடுகிறவரை நாம் கேலி செய்யவில்லை. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க, சாவுக்கு வந்து நிற்க, சாதிச் சான்றிதழுக்குக் கூட அலைய வருவது உள்ளூர்க் கிளைச் செயலாளர்தான். அந்த நன்றி நியாயமானது. ஆனால் நன்றி வேறு, ஓட்டு வேறு. கிளைச் செயலாளருக்குப் பட்ட கடனை, ஐந்து வருஷம் முகமே காட்டாத வேட்பாளருக்குப் போய்த் தீர்க்கிறோமே, அது எந்த ஊர் நியாயம்?

"அப்போ நல்ல ஆளாப் பார்த்துப் போட்டாச் சரியா?" பாதிதான் சரி. 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா உத்தரவை மீறி சபையில் ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கட்சி கையைத் தூக்கச் சொன்னால் தூக்கத்தான் வேண்டும். 2020 செப்டம்பரில் வேளாண் சட்டங்களை மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். எதிர்க்கட்சிகள் தலை எண்ணச் சொல்லிக் கேட்டும் எண்ணவில்லை. யார் எந்தப் பக்கம் என்று கணக்கே இல்லை. 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தது எந்த நல்ல எம்.பி.யும் இல்லை; டெல்லி எல்லையில் ஒரு வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்த விவசாயிகள்தான்.

"அப்போ நாமே நின்னா என்ன?" அதையும் செய்து பார்த்திருக்கிறோம். 1996-இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில், விவசாயிகள் கோரிக்கையை நாட்டுக்குக் காட்ட வரிசையாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டே புத்தகம் மாதிரி ஆகி, தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் எண்ணிப் பார்த்தபோது 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. ஜெயித்தது தி.மு.க. வேட்பாளர். பெயர் கொடுத்தபோது விவசாயி, ஓட்டுப் போட்டபோது கட்சிக்காரன். பிறகு சட்டசபைத் தேர்தல் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இப்போது 10,000. ஏழை நிற்பதற்குத்தான் கதவு சுருங்கியது.

இதே வழியை 2019-இல் தெலங்கானா நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் எடுத்தார்கள். 185 பேர் களத்தில். அதில் பெரும்பாலோர் விவசாயிகள். முதலமைச்சர் மகளே அங்கே தோற்றார். ஜெயித்தவர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர். அதற்காக வாரியம் மறுநாளே வந்துவிடவில்லை. 2025 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பத்திரத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார்கள். வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் கேட்கவும் ஆதாரம் இருந்திருக்காது.

ஆக, சங்கத்தின் பதில் இதுதான். முதலில் கோரிக்கை, அப்புறம் ஆள், கடைசியில்தான் கொடி.

மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் கிடக்கிறார்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போய் 1939-இல் உயிர் விட்டவர்கள். அந்தப் போராட்டத்தில் பல கட்சிக்காரர்களும் புலவர்களும் ஒன்றாக நின்றார்கள். 1940-இல் அந்த உத்தரவு வாபஸ் ஆனது. நம் மின்சாரமும் அப்படி வந்ததுதான். நாராயணசாமி நாயுடு காலத்தில் விவசாயிகள் மாட்டு வண்டியோடு ரோட்டுக்கு வந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிக்கும், பின்னால் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசமானது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டுமே கொடுத்தன. கேட்டவர்கள் கலையாமல் நின்றதால் கொடுத்தன. அதே சங்கம் 1982-இல் கட்சியானபோது ஓட்டில் கரையேறவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

இனி ஊருக்குள் வேட்பாளர் வண்டி வந்தால், ஆரத்தித் தட்டுக்கு முன்னால் இந்தக் கேள்வித்தாளை நீட்டுங்கள்:

1. கடல் தண்ணி ஏறுவதைத் தடுக்க சட்டசபையில் என்ன கேட்பீர்கள்?
2. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பிடுங்கும் காசை நிறுத்த எங்களோடு வந்து நிற்பீர்களா?
3. ஏரி, வரத்துக் கால்வாய் தூர்வாரிய கணக்கை ஊரில் படித்துக் காட்டுவீர்களா?
4. வருஷத்துக்கு ஒரு கிராமசபைக்காவது நேரில் வருவீர்களா?
5. உங்கள் கட்சி எங்களுக்கு எதிராக முடிவெடுத்தால் கட்சிக்குள் பேசுவீர்களா?

பதில் எழுத்தில் வேண்டும், கீழே கையெழுத்து வேண்டும். எல்லாக் கட்சிக்கும், சுயேச்சைக்கும் ஒரே தாள். ஒவ்வொருவரும் சொத்து, கடன், வழக்கு விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்தே ஆக வேண்டும். படித்த பிள்ளைகள் அதைச் செல்போனில் எடுத்து ஊர் முன்னால் படியுங்கள். பதில்களை ஆலமரத்தடியில் ஒட்டுங்கள். பிறகு அவரவர் மனசாட்சிப்படி போடுங்கள். யாருக்கு என்று சங்கம் சொல்லாது.

ஒன்றே ஒன்று. ராத்திரி வரும் கவரை வாங்காதீர்கள். வாங்கின கை கேள்வித்தாளை நீட்டாது. நாளைக்கு அவர் முகத்துக்கு நேரே சொல்வார்: "உனக்குத்தான் அப்பவே கொடுத்தாச்சே!"

கையெழுத்துப் போடாதவருக்கு ஓட்டு இல்லை!
கொடி பலவானாலும் கோரிக்கை ஒன்றே!
உழவர் ஒற்றுமை ஓங்குக!