தோட்டத்துக்கு டிரக்டர் வாங்குமுன் மணிக்கணக்கைப் பாருங்கள்

கடைக்கு ஒரு லொறி வாங்குவதென்றால் நம்மவர்கள் கணக்குப் பார்க்காமல் காலெடுத்து வைக்க மாட்டார்கள். மாதத்தில் எத்தனை ஓட்டம், டீசல் எவ்வளவு, சாரதிக்கும் கிளீனருக்கும் எவ்வளவு, ஐந்து வருடம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் விரல்விட்டு எண்ணுவார்கள். ஆனால் குருநாகலிலோ புத்தளத்திலோ உள்ள தென்னந்தோட்டத்துக்கு இயந்திரம் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கொழும்பிலேயே தங்கிவிடுகிறது.

வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். குளியாப்பிட்டிப் பக்கம் அவருக்கு 20 ஏக்கர் தென்னை இருக்கிறது. மாதத்தில் இரண்டு தடவை போய் வருவார். "நானா, நாற்பத்தைந்து குதிரைவலு காணுமா, ஐம்பத்தைந்து எடுக்கவா?" என்று கேட்டார். வருடத்தில் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று நான் திருப்பிக் கேட்டேன். "அது தெரியாது நானா. புல்லு இடுப்பளவு நிக்குது. அது மட்டும்தான் தெரியும்" என்றார்.

புல் இடுப்பளவு நிற்பது சிறிய விடயமல்ல. 2024 இன் இறுதியிலும் 2025 இலும் கொழும்பில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயைத் தாண்டியதை நாம் பார்த்தோம். அந்த விலையில் புல்லுக்குள் மறைந்து போகும் ஒவ்வொரு காயும் காசுதான். பறிக்க வருபவர்கள் பாம்புக்குப் பயந்து ஓரமாகப் பொறுக்கிவிட்டுப் போவார்கள். மிகுதி முளைத்துக் கிடக்கும், அல்லது இரவில் யாராவது கொண்டு போவார்கள். கோடையில் தீப்பற்றும் பயம் வேறு. முன்பு கிளைபோசேட் அடித்துச் சமாளித்தார்கள். 2015 இல் அது தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். தென்னைக்காரருக்கு 2022 வரை கதவு திறக்கவில்லை. இந்த ஏழு வருடத்தில்தான் பலர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காததும் சேர்ந்துகொண்டது.

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இயந்திரம், யாருடைய இயந்திரம் என்பதே கேள்வி.

நண்பருக்கு ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். டிரக்டருக்குப் பின்னால் பூட்டும் ஸ்லாஷர் ஐந்து அடி அகலம் வெட்டும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒன்றரை ஏக்கர் வரும். திரும்புவது, மரத்துக்கு ஒதுங்குவது, விழுந்த மட்டையை இழுத்துப் போடுவது எல்லாம் கழித்தால் மணித்தியாலத்துக்கு ஒரு ஏக்கர் என்று வைக்கலாம். 20 ஏக்கருக்கு 20 மணித்தியாலம். வருடத்தில் மூன்று தடவை வெட்டினால் 60. நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினாலும் மொத்தம் பத்து நாள் வேலை. மற்ற 355 நாளும் அந்த இயந்திரம் கொட்டகையில் நிற்கும். நின்றால் பெற்றரி இறங்கும், டாங்கியில் தண்ணீர் சேரும், எலி வயரைக் கடிக்கும். நிற்காவிட்டால் அது யாருடைய வயலில் உழுகிறது என்பதை வோச்சரிடம்தான் கேட்க வேண்டும். அவரும் உண்மை சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் டிரக்டர் வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். 26 அடிக்கு 26 அடி என்று நட்டால் ஏக்கருக்கு 64 மரம் நிற்கும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறு அடி வட்டத்துக்குள்தான் பசளை போடுகிறோம். மரம் உணவெடுக்கும் வேரின் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டங்களையெல்லாம் கூட்டினால் ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு வரும். அங்கே சில்லு ஏறவும் கூடாது, ஸ்லாஷர் போகவும் முடியாது. எத்தனை குதிரைவலு வாங்கினாலும் அந்த ஆறில் ஒரு பங்குக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டி மெஷினும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். எனவே முதலில் வாங்க வேண்டியது அதுதான். ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட தோட்டமென்றால் நல்ல மெஷின் இரண்டோடு விடயம் முடிந்துவிடும்.

"வாடகை டிரக்டர் நேரத்துக்கு வராது நானா" என்றார் நண்பர். இது நியாயமான பேச்சு. மழை விட்டதும் ஊரில் எல்லோருக்கும் ஒரே கிழமையில்தான் டிரக்டர் தேவைப்படுகிறது. வயல்காரர்களுக்கு முதலிடம், தென்னைக்காரருக்குக் கடைசி இடம். ஆனால் நாம் வியாபாரிகள். பெருநாள் சரக்குக்கு எப்போது முற்பணம் கட்டுகிறோம்? பெருநாளுக்கு முதல் நாளா? ஐப்பசி மழைக்கு முன்பே டிரக்டர்காரருக்கு முற்பணம் கொடுத்து, வயல் உழவு முடிந்த கையோடு வரும்படி நாள் குறித்துக்கொண்டால் அவர் வருவார். மழை ஓய்ந்து கோடை தொடங்குமுன் ஒரு வெட்டு விழுந்தால் போதும். வெட்டிய புல் மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். கோடையில் மண்ணைக் கிளறி வெறுந்தரையாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிலர் வேறு வழியில் ஏமாறுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை ஆசையாக வாங்கினார். பார்க்க அழகான சாமான். அது பங்களா முற்றத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் செய்யப்பட்டது. தென்னந்தோட்டத்தில் காய்ந்த பொச்சும் மட்டையும் கல்லும் கிடக்கும். மூன்றாம் நாள் பிளேட் தண்டு வளைந்தது. விற்ற இடத்தில் அந்தப் பாகம் கைவசம் இல்லை, வரவழைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். இப்போது அதன் மேல் கோழி அடைகிறது.

40, 50 ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறும். ஆனால் 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் நெல் அல்லாத காணிக்கு ஒருவருக்கு 50 ஏக்கர் என்று எல்லை போட்ட பிறகு அப்படிப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? இருப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கட்டும். ஸ்லாஷரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் சுமார் ஐந்து குதிரைவலு தேவை. ஐந்து அடிக்கு 25. அதுவும் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் வலு. விளம்பரத்தில் போடும் எஞ்சின் வலு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே முப்பது குதிரைவலுச் சின்ன டிரக்டர் தென்னைக்குத் தாராளம். காய் ஏற்றிச் செல்ல மட்டும் என்றால் லேண்ட்மாஸ்டரும் டிரெய்லரும் போதும்.

பிராண்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: தோட்டத்துக்குக் கிட்டிய டவுணில் பாஸ் கழற்றிப் பழகிய இயந்திரம் எதுவோ அதுவே நல்ல பிராண்ட். சென்னையில் செய்யப்படும் டாஃபே, மெசி பெர்குசன் போன்றவற்றின் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். சிறிய டவுண்களிலும் பெரும்பாலும் கிடைக்கும். ஜப்பானில் பாவித்து வரும் சின்ன டிரக்டர்கள் மலிவும் உறுதியும்தான். ஆனால் அவற்றில் சில மொடல்கள் ஜப்பானுக்கென்றே செய்யப்பட்டவை. பெயர் குபோட்டா என்று இருந்தாலும் இங்குள்ள குபோட்டாவின் பாகம் அதற்குப் பொருந்தாமல் போகலாம். பணம் கட்டுமுன் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்குங்கள். இயந்திரத்தின் விலையைவிட அந்த அரைநாள் பெறுமதியானது. 2022 இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டுப் பாகத்துக்குக் காத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும்.

ஓட்டுபவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது தடவை சுற்றுகிறது. நமது தோட்டங்களில் வேலை செய்பவர்கள் சாரம் உடுத்தவர்கள். சாரத்தின் நுனி தண்டில் பட்டால் கையெடுக்கவும் நேரமிருக்காது. தண்டின் மேல் மூடி இல்லாத ஸ்லாஷரை, சொந்தமோ வாடகையோ, தோட்டத்துக்குள் விடவே கூடாது. காற்சட்டைக்கும் சப்பாத்துக்கும் முதலாளி காசு கொடுக்கட்டும்.

மூன்று நான்கு பேர் பக்கத்துப் பக்கத்தில் காணி வைத்திருந்தால் கூட்டாக வாங்கலாம். நம்மவர்களுக்குக் கூட்டு வியாபாரம் புதிதல்ல. ஆனால் மழைக்குப் பின் யாருக்கு முதல் முறை, உடைந்தால் யார் செலவு, ஒருவர் விலகினால் அவர் பங்கு எவ்வளவு என்பதை வாங்குமுன் எழுதிவிட வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும்.

நண்பர் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் பேசினார். புல்வெட்டி மெஷின் இரண்டு வாங்கியாயிற்றாம். பக்கத்து ஊர் டிரக்டர்காரருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்றாம். "ஒரு மாட்டுக்காரரும் வந்தார் நானா. புல்லுக்கு மாடு விடட்டுமா என்று கேட்டார்" என்றார். இளங்கன்று நட்ட பகுதிக்கு வேலி போட்டுவிட்டு விடச் சொன்னேன்.