காலணாக் கார்டும் 61 ரூபாய்க் கடிதமும்

அரிசி விலையைப் பற்றி முணுமுணுக்காத குடும்பம் நமது ஊரில் கிடையாது. பால், பள்ளிக்கூடச் சம்பளம், பஸ் கட்டணம் எல்லாவற்றுக்கும் திண்ணையில் விசாரணை உண்டு. தபால் தலையின் விலையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. தலை வாங்குகிறவர்களே குறைந்துவிட்டபடியால் அதில் ஆச்சரியமில்லை. ஆயினும் விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பது நமது கருத்து.

1879-ம் வருஷம் தபால் கார்டு நம் தேசத்துக்கு வந்தபோது அதன் விலை காலணா. நாற்பத்து மூன்று வருஷ காலம் அந்த விலை அசையவில்லை. 1922-ல்தான் வெள்ளைக்கார சர்க்கார் அதை அரையணாவாக்கினார்கள். இன்றோ கார்டு 50 பைசா. 20 கிராம் வரையுள்ள உறைக் கடிதம் 5 ரூபாய். இவை 2001-ல் வைத்த விலைகள். கால் நூற்றாண்டாக ஏறாத விலை வேறு எதற்காவது உண்டா என்று யோசித்துப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் போயிற்று. 2025 ஏப்ரலில் அங்கே முதல் வகுப்புத் தலையின் விலை 1 பவுன் 70 பென்ஸ். நம் பணத்தில் 180 ரூபாய்க்கு மேல்! டென்மார்க்கில் அந்த வருஷக் கடைசியோடு தேசியத் தபால் ஸ்தாபனம் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. அவர்களைப் பார்க்க நாம் பாக்கியசாலிகள் என்றுதான் தோன்றும்.

திருவண்ணாமலை தபாலுக்குக் கடமைப்பட்ட ஊர். ரமணாச்ரமத்தின் பெயராலேயே ஒரு தபாலாபீஸ் இங்கே இருக்கிறது. ஸ்ரீமதி சூரி நாகம்மாள் 1945 நவம்பர் முதல் தம் தமையனாருக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள்தாம் பிற்பாடு புத்தகமாகி, ரமண மகரிஷியின் அன்றாடப் பேச்சையும் பரிகாசத்தையும் நமக்குக் காட்டுகின்றன. அந்நாளில் உறைக்கு ஒன்றரை அணாத் தலை ஒட்ட வேண்டும். அந்த ஒன்றரை அணாக்கள் இல்லாவிட்டால் அத்தனையும் காற்றோடு போயிருக்கும். 1971 ஏப்ரல் 14-ல் தபால் இலாகா மகரிஷியின் உருவத்தைப் போட்டு 20 பைசாத் தலை வெளியிட்டது. அப்போது ஒரு கடிதத்துக்கு வேண்டியதும் அதே 20 பைசா. ஆகவே அது வேலை செய்த தலை. மூட்டையில் போய், முத்திரை அடிபட்டு, வீடு வீடாகச் சேர்ந்த தலை. இப்போது வெளியாகும் அழகிய தலைகள் பெரும்பாலும் நேராக ஆல்பத்துக்குப் போகின்றன. நமது வகுப்பில் ஒரு கார்டைக் காட்டியபோது, விலாசம் எந்தப் பக்கம் எழுதுவது என்று ஒரு பையன் கேட்டான். கெட்டிக்காரப் பையன்தான்!

சாதாரணக் கடிதத்தின் கதை இது. ரிஜிஸ்டர் தபாலின் கதை வேறு.

வாடகைக்கு நோட்டீஸ் கொடுக்கிறவர், நிலத் தகராறில் மனுச் செய்கிறவர், பென்ஷன் பாக்கியைக் கேட்கிறவர் ஆகிய எல்லாருக்கும் துணை ரிஜிஸ்டர் ரசீது. சரியான விலாசமிட்டுக் கட்டணம் செலுத்தி ரிஜிஸ்டரில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 1897-ம் வருஷத்துப் பொது விதிகள் சட்டம் சொல்லுகிறது. "வரவேயில்லை" என்று எதிராளி சுலபமாகக் கைவிரிக்க முடியாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது.

இந்தச் சாட்சிக்கு வெகுகாலமாக 17 ரூபாய்க் கட்டணமும் 5 ரூபாய்த் தலையுமாக 22 ரூபாய் ஆயிற்று. 2025-ல் ரிஜிஸ்டரை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் முதல், இங்கிருந்து சென்னைக்கு 50 கிராம் வரையுள்ள கடிதத்துக்கு 47 ரூபாய். ரிஜிஸ்டருக்கென்று 5 ரூபாய். இரண்டின் மேலும் நூற்றுக்குப் பதினெட்டு வரி. கூட்டினால் ஏறக்குறைய 61 ரூபாய். ஜன்னலில் அச்சடித்த சீட்டு ஒன்றை ஒட்டுகிறார்கள். தலைக்கே அங்கு வேலையில்லை. கடிதம் விரைவாகப் போகிறது, வாஸ்தவம். ஆனால் மனுக் கொடுப்பவன் வேகத்தையா கேட்டான்? ரசீதைத்தானே கேட்டான்! க்ஷேமம் விசாரிக்கும் கடிதம் பழைய விலையில் போக, நியாயம் கேட்கும் கடிதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை என்பது விசித்திரமான கணக்கு.

புத்தகங்கள் விஷயத்தில் இலாகாவுக்குச் சற்று மனம் இரங்கியது. சலுகைப் புத்தகத் தபாலை 2024 டிஸம்பரில் எடுத்தவர்கள், 2025 மே மாதத்தில் "ஞான் போஸ்ட்" என்று வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பத்திரிகைகளுக்கு அதில் இடமில்லை. எப்படியும் வாசல் முழுவதும் அடைபடவில்லை.

அதேபோல் மனுக்களுக்கும் ஒரு வழி செய்யலாகாதா? 20 கிராமுக்குள் அடங்கும் கடிதத்தை, அவசரமில்லை என்று எழுதிக் கொடுப்பவருக்கு, ரசீதோடு 30 ரூபாய்க்கு அனுப்பட்டும். நஷ்டம் வரும் என்று இலாகா சொன்னால், கார்டின் விலையை இரண்டு ரூபாயாக்கிக் கொள்ளட்டும். அதற்காக நாம் சண்டைக்கு வரமாட்டோம்.