கணினி இரைவது யாரால்?



நெருளிலும் ஜூயிநகரிலும் விசுவாசிகளின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. ஒருவரும் தொடாதபோது வீட்டுக் கணினியின் விசிறி திடீரென்று இரைகிறது. பிராசஸர் நூறு சதவீதம் உழைக்கிறது. சற்று நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. அதன்மேல் கைவைத்து ஜெபிக்க அழைக்கிறவர்களும் உண்டு, நான் மறுப்பதில்லை. ஆனால் பல வீடுகளில் அதற்குள்ளாகவே பழி மகன்மேல் விழுந்திருக்கிறது. பார்க்கத்தகாததைப் பார்த்து வைரஸைக் கொண்டுவந்துவிட்டானாம். உதடுகளின் அசைவை மாத்திரம் கண்டு, அன்னாள் குடித்திருக்கிறாள் என்று ஏலி முடிவுகட்டியதும் இப்படித்தான் (1 சாமுவேல் 1).

விண்டோஸ் கணினி நாள்தோறும் அதிகாலை 2 மணிக்குத் தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்கட்டணத்துக்கு அஞ்சி நாம் இரவில் அணைத்துவிடுகிறோம். தவறிப்போன அந்த வேலை, மறுநாள் நாம் தேநீர் அருந்த எழுந்துபோகும் வேளையில் தொடங்குகிறது. மவுஸை அசைத்தால் நின்றுவிடுகிறது. ஆகவே ஆளைக் கண்டதும் அடங்குவது மாத்திரமே குற்றத்துக்கு அடையாளமாகாது.

வந்துபோகும் நோயை நேரில் பிடிப்பது அரிது. அது விட்டுச்செல்லும் கணக்கைப் பார்க்கவேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குச் சென்று, பத்தித் தலைப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாக 'சிபியூ டைம்' என்பதைச் சேருங்கள். ஒவ்வொரு நிரலும் தான் தொடங்கியது முதல் பிராசஸரை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பது மணி, நிமிடமாகத் தெரியும். முதலிடத்தில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' நிற்பதைக் கண்டு கலங்கவேண்டாம்; அது பிராசஸரின் ஓய்வுநேரம். (நமது நாட்குறிப்பிலும் அப்படியொரு வரி இருந்தால் நலமாயிருக்கும்.) அடுத்து நிற்பவர் யார் என்பதே கேள்வி. பெரும்பாலும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டரோ, கோப்புகளை அட்டவணையிடும் 'சர்ச் இண்டெக்ஸரோ' இருக்கும். இவர்கள் வீட்டு வேலைக்காரர்கள். அறியாத பெயராயின் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அது எந்தக் கோப்புறையில் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் கணக்கும் பெரிதாக இல்லாமல் விசிறி மட்டும் இரைந்தால், பெட்டியைத் திறந்து தூசியைத் துடைப்பதே வேலை.

கள்ளனும் இல்லாமல் இல்லை. 2019இல் வரோனிஸ் நிறுவனத்தார் கண்டறிந்த 'நார்மன்' என்னும் நிரல், பிறர் கணினியில் ஒளிந்து மின்னணு நாணயம் தோண்டியது. டாஸ்க் மேனேஜர் திறந்தால் தன்னை முடித்துக்கொண்டது, மூடினால் மீண்டும் எழுந்தது. இத்தகையது கணக்கில் சிக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, ஒரு மணிநேரம் கணினியைத் தொடாதிருங்கள். நல்ல வேலைக்காரன் தன் வேலைக்குத் திரும்புவான். ஒளிகிறவன் நீங்கள் மூடும்வரை வரமாட்டான். நாலைந்து நாள் நேரத்தோடு குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தால் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' செய்யுங்கள். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும்.

அப்போதும் மகனை உடனே குற்றப்படுத்தவேண்டாம். 2018இல் ஆந்திரப் பிரதேசத்தின் சில நகராட்சித் தளங்களிலேயே நாணயம் தோண்டும் நிரல் புகுத்தப்பட்டிருந்தது. அரசுத் தளத்தைத் திறந்த குடிமகன் செய்த தவறு என்ன?

எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், எந்த நிரலினால் என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை ஊர்த் திருமணப் படங்களையும் தாத்தாவின் அடக்க ஆராதனைப் படங்களையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.