முதலில் பூச்சியை அறிவோம்

மழைக்காலம் தொடங்கியதும் மூச்சிரைப்போடு நுரையீரல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடம் நான் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். வீட்டில் கொசுவர்த்திச் சுருள் எரிக்கிறீர்களா? அண்மையில் வயலில் பூச்சி மருந்து தெளித்தீர்களா? நோய்க்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று உடன் வந்தவர்கள் வியப்பதுண்டு. தொடர்பு உண்டு. பூச்சி இன்னதென்று அறியாமல் நாம் எடுக்கும் நஞ்சு, பல வேளைகளில் பூச்சியை விட்டுவிட்டு நம்மையே தாக்குகிறது என்பது என் கருத்து.

கொசுவின் தோற்றமுடைய சிற்றீக்கள் பலவகைப்படும். உழவர் நன்கறிந்தது நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ. மேகமூட்டமும் தூறலும் நீடிக்கும் நாட்களில் இது பெருகும். இதன் புழு குருத்துக்குள் புகுந்து வளர்நுனியைத் தாக்க, இலையுறை வெங்காயத்தாள் போல் வெளிறிய குழலாக நீளும். ஆனைக்கொம்பு என்பது அதுவே. அந்தத் தூரில் கதிர் வராது.

ஆனைக்கொம்பு கண்ணுக்குத் தெரியும் வேளையில், உள்ளிருந்த புழு கூட்டுப்புழுவாகியிருக்கும், அல்லது ஈயாகிப் பறந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு தெளித்தாலும் அந்தத் தூர் மீளாது. புழுவை உள்ளிருந்தே அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அந்த நஞ்சால் மடியவும் கூடும். எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தைத் தேர்தல், பருவத்தே நடுதல், தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுதல், அறுவடைக்குப் பின் தாள்களை மடக்கி உழுதல் ஆகியவற்றையே வேளாண் அறிஞர்கள் முதற்காப்பாக வலியுறுத்துகின்றனர்.

இரண்டாவது வகை, குளம், ஏரி, சாக்கடை ஓரத்து வீடுகளில் மாலை விளக்கைச் சூழும் கைரோனோமிட் ஈக்கள். பார்வைக்குக் கொசுவே, ஆனால் இவை கடிப்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து, விளக்கின் அடியில் குவியலாக மடிகின்றன. அந்த உடல்கள் உலர்ந்து தூளாகிக் காற்றில் கலக்கும்போது, ஒவ்வாமை உடையோருக்குத் தும்மலும் கண்ணரிப்பும் ஆஸ்துமாவும் தோன்றக்கூடும். சூடான் நாட்டில் நைல் நதிக்கரை மக்களிடம் இத்தகைய ஆஸ்துமா ஆராயப்பட்டுள்ளது. இவற்றின் புழுக்களுக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினே ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம். வளர்ப்பு மீன்களுக்கு உலர்ந்த செம்புழு உணவு இடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடிக்கும் கியூலிகாய்டஸ் ஈ. மிகச் சிறியதாதலால் சாதாரணக் கொசுவலையின் கண்கள் வழியே நுழைந்துவிடும். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுவே. அந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. நமக்குத் தருவது அரிப்பும் தடிப்பும்.

இனி எண்ணிப் பாருங்கள். விளக்கைச் சூழும் கடிக்காத ஈக்களைக் கண்டு, கதவுகளை அடைத்துச் சுருள் கொளுத்துகிறோம். ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு ஈடானது என 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஆஸ்துமா உள்ள குழந்தை அதே அறையில் உறங்குகிறது. விளக்கின் ஒளியைக் குறைப்பதும், சன்னலுக்கு நெருங்கிய வலை இடுவதும், மடிந்த பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் அக்குழந்தைக்குச் சுருளைவிட நன்மை தரும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும்.

கொசுவை அலட்சியப்படுத்தலாம் என்று நான் கூறவில்லை. டெங்கு மெய்யான அச்சமே. ஆனால் அதைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரில் வளர்வது. இரவுச் சுருளைவிடத் தொட்டியை மூடுவதே அதற்கு ஏற்ற விடை. அதுபோலவே, கடன்பட்டு நட்ட பயிரில் ஆனைக்கொம்பைக் கண்ட உழவர் கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் என் எண்ணம் அன்று. தெளிப்பானைத் தோளில் ஏற்றும் முன் வேளாண் அலுவலரிடம் பயிரைக் காட்டுங்கள் என்பதே வேண்டுகோள்.

பூச்சிக்கொல்லியை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கிறோம். அந்தச் சொல் தரும் நம்பிக்கையில் வெறுங்கையால் கலக்கி, காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கிறோம். மருந்தெனில் நோயறிதல் வேண்டும், அளவு வேண்டும், வேளை வேண்டும். இம்மூன்றும் இல்லாதபோது அது நஞ்சு மட்டுமே.

தெளித்தவருக்கு மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திராதீர்கள். நனைந்த ஆடைகளைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். உதவுபவர் கையுறை அணிவது நல்லது. வாந்தி எடுக்கத் தூண்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள். நஞ்சின் புட்டியையோ அதன் பெயர்ச்சீட்டையோ உடன் கொண்டு வாருங்கள்; எந்த நஞ்சென்று தெரிந்தால் சிகிச்சையை விரைந்து தொடங்க இயலும்.